வாயும் நெருப்பும்

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தை. நாக்கும் உதடும் அவள் நினைப்புக்குக் கட்டுப்படுவதில்லை. ஆனால் காதில் விழும் தமிழையும் மலாயையும் தெளிவாகப் புரிந்துகொள்கிறாள். பினாங்கு ஆயர் ஈத்தாமில் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், அவளுடைய சக்கர நாற்காலியின் குறுக்கே பொருத்திய மரத்தட்டின்மேல் எப்போதும் ஒரு படப்பலகை இருக்கும். வலக்கையை மடக்கி, விரல் முட்டியால் அந்தப் பலகையின் கட்டங்களில் ஒன்றைத் தொடுவதுதான் அவள் பேசும் முறை. ஒரு கட்டத்தைத் தொட்டு முடிக்கச் சில சமயம் அரை நிமிடம் ஆகும். எதிரில் இருப்பவர் முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடாமல் காத்திருக்க வேண்டும். அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எளிதில் வந்த பழக்கம் அல்ல.

அவளுக்கு முதலில் கிடைத்த பலகையில் 24 வண்ணப் படங்கள் இருந்தன. வெளிநாட்டில் வரைந்த படங்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. சாப்பாடு என்ற கட்டத்தில் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சி வைத்திருந்தார்கள். வீடு என்ற கட்டத்தில் சரிந்த கூரையும் புகைபோக்கியும் இருந்தன. பதினோராவது மாடியில் பிறந்து வளர்ந்த குழந்தை அதை வீடு என்று நம்ப வேண்டியிருந்தது. அவற்றை எடுத்துவிட்டுத் தோசை, மைலோ டின், எங்கள் மாடியின் முகப்பு, அவள் பாட்டி என்று நாங்களே படம் பிடித்து ஒட்டினோம். குறை அதோடு தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

தீரவில்லை. அந்தப் பலகையில் இருந்தவை எல்லாம் பொருள்களின் பெயர்கள். அவள் எதைக் கேட்பாள் என்று பெரியவர்களாகிய நாங்கள் முன்கூட்டியே யூகித்து, அந்த யூகத்தைக் கட்டம் கட்டி அவள் மடியில் வைத்திருந்தோம். மைலோ வேண்டும் என்று அவளால் சொல்ல முடிந்தது. நேற்றுக் குடித்த மைலோ இனிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. தோசையைப் படம் பிடிக்கலாம். நேற்று என்பதையோ, ஏன் என்பதையோ, அதைப் போல என்பதையோ எந்தக் கேமராவால் பிடிக்க முடியும்? அது கேட்டு வாங்குவதற்கான பலகையே தவிர, பேசுவதற்கான பலகை அன்று.

நான் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்பவன். கல்யாணப் பத்திரிகை முதல் கடைப் பலகை வரை படமும் எழுத்தும்தான் என் தொழில். இந்தக் குறைக்கு யாராவது வழி கண்டிருப்பார்களா என்று தேடிப் படித்துக்கொண்டே போனபோதுதான் உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீட்டு மொழி ஒன்றை உருவாக்கிய சார்லஸ் பிளிஸ் என்ற மனிதர் எனக்கு அறிமுகமானார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அவர் 1897-இல் அன்றைய ஆஸ்திரியா ஹங்கேரிப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் கார்ல் பிளிட்ஸ். ஜெர்மானியர், ருமேனியர், உக்ரேனியர், யூதர் எனப் பல இனத்தார் அடுத்தடுத்துக் குடியிருந்தும் ஒருவரை ஒருவர் வெறுத்த ஊர் அது. அந்த வெறுப்புக்கு மொழிப் பிரிவே மூலம் என்று அவர் சிறுவயதிலேயே முடிவு செய்துவிட்டார். வியன்னாவில் வேதிப் பொறியியல் படித்து 1922-இல் பட்டம் பெற்றார். தந்தை வைத்திருந்த மின்சுற்று வரைபடங்களும், பிற்பாடு படித்த வேதியியல் குறியீடுகளும் எந்த நாட்டுக்காரருக்கும் ஒரே பொருளைத் தந்தது அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. 1938-இல் நாஜிகள் அவரை டாக்காவ் முகாமிலும், பிறகு புகன்வால்ட் முகாமிலும் அடைத்தார்கள். மனைவி கிளேர் விடாமல் போராடி அவரை மீட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு அங்கே பிளிட்ஸ் என்றே பெயர் வழங்கியதால், அந்தப் பெயரைச் சுமக்க விரும்பாமல் பிளிஸ் என்று மாற்றிக்கொண்டார். பேரின்பம் என்று பொருள்படும் சொல் அது. கணவனும் மனைவியும் மறுபடி ஒன்று சேர்ந்தது ஷாங்காயில். ஜப்பானியர் அங்கே யூத அகதிகளை ஒரு பகுதிக்குள் அடைத்து வைத்தபோது, யூதரல்லாத ஜெர்மானியப் பெண்ணான கிளேர் விலகிப் போயிருக்கலாம். போகாமல் கணவரோடு உள்ளே சென்றார்.

ஷாங்காயில்தான் பிளிஸ் சீன எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். கடைப் பலகைகளைப் படிக்கப் படிக்க, தாம் அவற்றைச் சீன ஒலியில் அல்லாமல் தம் சொந்த மொழியிலேயே படித்துக்கொண்டிருப்பதை ஒரு நாள் உணர்ந்தார். பினாங்கில் வாழ்பவர்களுக்கு இது புரியும். எங்கள் அச்சகத்தில் ஒரு பலகையை ஹொக்கியன் என்ற சீன வழக்கைப் பேசும் என் நண்பர் ஒரு விதமாக உச்சரிப்பார். அதையே மாண்டரின் பேசும் வாடிக்கையாளர் வேறு விதமாக உச்சரிப்பார். பொருள் மட்டும் இருவருக்கும் ஒன்று. பொருளை நேரடியாக எழுதிவிட்டால் ஒலி எதுவானாலும் கவலையில்லை என்று பிளிஸ் கருதினார். உண்மையில் சீன எழுத்துகளில் பெரும்பாலானவை வெறும் படங்கள் அல்ல. ஒரு பகுதி பொருளையும் மறுபகுதி ஒலியையும் சுட்டுபவை. அவர் அவற்றைத் தவறாகத்தான் புரிந்துகொண்டார். ஆனாலும் அந்தத் தவறு வீணாகவில்லை.

அப்படிப் பொருளையே எழுதும் குறியீட்டு மொழியை அமைக்க 1942-இல் தொடங்கிய வேலையை, போர் முடிந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிறகும் அவர் விடவில்லை. பகலில் கூலி வேலை செய்துகொண்டே இரவில் எழுதி, அதை 1949-இல் நூலாக வெளியிட்டார். கிளேர் உலகெங்கும் உள்ள கல்வியாளர்களுக்கு 6,000 கடிதங்கள் அனுப்பினார். ஏறக்குறைய யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1961-இல் கிளேர் இறந்தபோதும் அந்த மொழி எங்கும் பரவலான புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை.

அவர் செய்ததன் நேர்த்தியை ஒரு வரைபவனாக நான் மெச்சுகிறேன். சுமார் நூறு அடிப்படை உருவங்கள்தான் மூலதனம். மற்றவை எல்லாம் அவற்றின் சேர்க்கை. இதய வடிவம் உணர்வைக் குறிக்கும். அதன் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு போட்டால் மகிழ்ச்சி; கீழ்நோக்கிய அம்பு போட்டால் துயரம். இதயமும் நெருப்பும் சேர்ந்து, தலைமேல் கூம்பு போன்ற சிறு குறியும் ஏறிக்கொண்டால் விரும்புதல் என்ற வினை. அந்தக் கூம்புதான் பெயரை வினையாக்குவது. ஒரு பக்கம் வளைந்த கோடு இறந்தகாலம். மறுபக்கம் வளைந்தது எதிர்காலம். இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் நின்றால் இப்போது. புகைப்படத்தால் தர முடியாத நேற்றும் நாளையும் அங்கே இருந்தன. வேர்ச்சொல்லோடு விகுதியை ஒட்டி ஒட்டிச் சொல் வளர்க்கும் தமிழில் பழகியவனுக்கு இந்த முறை சட்டென்று கைவந்தது.

இந்த மொழிக்குக் கடைசியில் வாழ்வு தந்தவர்கள் பிளிஸ் எதிர்பார்த்த உலகத் தலைவர்களோ அறிஞர்களோ அல்லர். 1971-இல் டொராண்டோ நகரில், உடல் இயக்கக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான மையத்தில் பணியாற்றிய ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியை, பேச இயலாத குழந்தைகளுக்காக ஏதாவது குறியீட்டு முறை கிடைக்குமா என்று தம் குழுவினரோடு தேடியபோது பிளிஸின் குறியீடுகள் அகப்பட்டன. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் அந்தக் குறியீடுகளைக் கற்று, அதுவரை யாரும் அவர்களிடம் எதிர்பார்க்காத வாக்கியங்களைச் சொன்னார்கள். அங்கே வளர்ந்த வழக்கில் ஒரு சிறு ஏற்பாடு உண்டு: பலகையில் இல்லாத சொல்லைக் குழந்தை தானே உண்டாக்கும்போது, அதன் முன்னும் பின்னும் சேர்ப்புக்குறி ஒன்றைத் தொட்டுக் காட்டும். நடுவில் இருப்பதைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள், இது என் சொல், சேர்த்துப் படியுங்கள் என்று அதற்குப் பொருள்.

அந்தச் சேர்ப்புக்குறிக்காகவே நான் புதுப் பலகை செய்தேன். 60 கட்டங்கள், பிளிஸ் உருவங்களோடு, தேவைப்பட்ட இடத்தில் எங்கள் வீட்டுப் படங்களும் உண்டு. ஒவ்வொன்றின் கீழும் தமிழிலும் மலாயிலும் சொல்லை அச்சிட்டு, லாமினேட் செய்து, அவள் கை எட்டும் வளைவுக்குள் அடிக்கடி வேண்டியவற்றை வைத்தேன். சேர்ப்புக்குறி வலப்பக்க மூலையில் இருந்தது. பயிற்சிக்கு ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பாட்டி ஊட்டிய முதல் வாய் சாம்பார்ச் சோறு உள்ளே போனதும் அவள் முகம் சுருங்கியது. தண்ணீர் கொடுத்தோம். குடித்த பிறகு முட்டியை மெல்ல நகர்த்திச் சேர்ப்புக்குறியைத் தொட்டாள். அடுத்து வாய். கை நடுங்கி வெளியே போய்த் திரும்பி வந்து நெருப்பில் நின்றது. மீண்டும் சேர்ப்புக்குறி. காரம்! அந்தச் சொல் பலகையில் இல்லை. அதை யாரும் அவளுக்குக் கற்றுத் தரவும் இல்லை. பாட்டி சாம்பார்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே சொல் வேறு வேலைக்கு வந்தது. அன்று காலையில் அக்கா ஏதோ அவசரத்தில் அவளை அதட்டியிருக்கிறாள். நான் போனபோது, அம்மா, பிறகு சேர்ப்புக்குறிகளுக்கு நடுவே வாயும் நெருப்பும், கடைசியில் இதயமும் கீழ்நோக்கிய அம்பும் என்று வரிசையாகத் தொட்டாள். அம்மா சுடுசொல் சொன்னாள், எனக்கு வருத்தம். எங்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சொல் சுடும் என்பதும், நாக்கு நெருப்பைக் கொட்டும் என்பதும் தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வந்தவை.

அந்த வாரம் பயிற்சிக்குப் போனபோது அதே வாக்கியத்தை அவள் தன் பேச்சுப் பயிற்சி ஆசிரியையிடம் சொன்னாள். அவர் சீனப் பெண்மணி. எங்களோடு மலாயில்தான் பேசுவார். பொறுமையில் அவருக்கு இணையாக ஒருவரை நான் பார்த்ததில்லை. பலகையைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு வாயில் புண் வந்திருக்கிறதா என்று அக்கறையோடு கேட்டார். சூடான பண்டங்களைத் தின்றால் உடலுக்குள் நெருப்பு ஏறி வாயும் தொண்டையும் புண்ணாகும் என்பது சீனர் வழக்கு. அதற்குக் குளிர்ச்சியான மூலிகைத் தேநீர் விற்கும் கடைகள் ஜார்ஜ்டவுன் நகரில் எத்தனையோ உண்டு. அறையில் இருந்த மலாய் உதவியாளரோ, அம்மா யாரிடமாவது சண்டை மூட்டிவிட்டாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மலாயில் கலகம் மூட்டுபவருக்குப் பத்து ஆப்பி என்று பெயர். நெருப்புக் கல் என்று பொருள்.

ஒரே இரண்டு படங்கள், மூன்று பேர், மூன்று பொருள். மூவரும் கவனமாகத்தான் படித்தார்கள். படங்கள் தெளிவாகத்தான் இருந்தன. வாயை வாயென்றும் நெருப்பை நெருப்பென்றும் மூவருமே கண்டுகொண்டார்கள். இரண்டையும் சேர்த்த இடத்தில்தான் வழி பிரிந்தது. அந்த இணைப்பில் குழந்தை வைத்தது தன் வீட்டுத் தமிழை. அன்று மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பும்போது வழி முழுவதும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். படங்கள் தனித்தனியாக நிற்கும்வரை எல்லாருக்கும் பொது. அவை சேர்ந்து மொழியாகும் கணத்தில், சேர்த்தவருடைய ஊருக்கும் வீட்டுக்கும் உரியவை ஆகிவிடுகின்றன. உலகம் முழுவதற்கும் ஒரே படமொழி என்ற கனவு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது என்று நான் எண்ணுகிறேன்.

தனிப்படம் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு எங்கும் சாட்சி உண்டு. நம் பாட்டிமார் எந்த மொழியும் படிக்கத் தெரியாமலே கடைக்குப் போய்க் கோடாலித் தைலத்தைச் சரியாக வாங்கி வந்தார்கள். புட்டியின் மேல் கோடாலி இருந்தால் போதும். பல எழுத்துகள் புழங்கும் இந்த நாட்டில் வணிகர்கள் யானையையும் பறவையையும் முத்திரையாக வைத்துப் பண்டம் விற்றது அதனால்தான். வியன்னாவில் 1925-இல் தொடங்கிய ஓர் அருங்காட்சியகத்தில் ஓட்டோ நொய்ராத் என்ற ஆஸ்திரிய அறிஞர் இதையே அறிவாகச் செய்தார். மக்கள்தொகையையும் தொழிலையும் வீட்டுவசதியையும் எளிய உருவங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார். எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்காமல் உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். ஐசோடைப் என்று 1930-களில் பெயர் பெற்ற அந்த முறைக்கு உருவங்களைச் செதுக்கியவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். புள்ளிவிவரத்தைப் படமாக மாற்றும் கலையை வளர்த்தவர் மரீ நொய்ராத். நான் தினமும் கணினியில் வரையும் சின்னங்கள் எல்லாம் அவர்கள் வழி வந்தவைதாம். இது மற்ற மொழிகளுக்குத் துணைமொழியே தவிர மாற்றுமொழி அன்று என்று நொய்ராத் வரையறுத்துச் சொன்னார். அந்த அடக்கத்தினாலேயே அது நிலைத்தது என்பது என் கருத்து.

இதைவிடத் தெளிவான சான்று ஜப்பானியரான யூகியோ ஓட்டா. பல நாடுகளின் கட்டடங்களில் அவசர வழியைக் காட்டும் பச்சைப் பலகையில் கதவை நோக்கி ஓடுகிற மனிதனுக்கு இன்றைய உருவம் தந்தவர் அவர். நம் ஊர்க் கட்டடங்கள் சிலவற்றிலும் வெளியேறும் வழியைக் குறிக்கும் கெலுவார் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பக்கத்தில் அந்த மனிதன் ஓடிக்கொண்டிருப்பான். அதே ஓட்டா 1964-இல் லோகோஸ் என்று முழுமையான படமொழி ஒன்றையும் அமைத்தார். அதற்குச் சொற்களும் வாக்கிய அமைப்பும் உண்டு. ஓடும் மனிதன் உலகமெல்லாம் போய்விட்டான். மொழியோ அறிஞர் வட்டத்தைத் தாண்டவில்லை. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே கைதான்.

இமோஜியைச் சிலர் இதற்குப் பதிலாகக் காட்டுவதுண்டு. 1999-இல் ஷிகேதாகா குரித்தா ஜப்பானியக் கைப்பேசிகளுக்காக வரைந்த 176 சிறு படங்கள் இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருப்பது உண்மை. ஆனால் அவை வாக்கியத்துக்குத் துணையாகும் சிறு குறிப்புகள். கைகூப்பும் படத்தை நாம் வணக்கத்துக்கு அனுப்புகிறோம். ஜப்பானியர் நன்றிக்கும் வேண்டுகோளுக்கும் அனுப்புகிறார்கள். அங்கேயும் அதே கதைதான்.

பிளிஸிடம் திரும்புகிறேன். டொராண்டோக் குழந்தைகளைக் கண்டு முதலில் அவர் பெருமகிழ்ச்சி அடைந்தார். பிறகு ஆசிரியைகள் குறியீடுகளைத் தங்கள் போக்கில் மாற்றுகிறார்கள், கூட்டுகிறார்கள், தம் இலக்கணத்தைக் கெடுக்கிறார்கள் என்று கொதித்தெழுந்தார். கடிதங்கள், கண்டனங்கள், வழக்குகள் என்று ஆண்டுகள் கழிந்தன. 1982-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. 1985-இல் சிட்னியில் காலமானார். இதில் அவரைக் கேலி செய்பவர்களோடு நான் சேர மாட்டேன். முகாமில் அடிபட்டவர், சொற்கள் மனிதர்களை எவ்வளவு எளிதாக வெறியேற்றும் என்பதைக் கண்ணால் கண்டவர். மேடைப் பேச்சுகளின் பொய் நுழைய முடியாத, எல்லாருக்கும் ஒரே பொருள் தரும் மொழி ஒன்று வேண்டும் என்று அவர் ஏங்கியதில் நியாயம் இருந்தது. குறியீட்டின் பொருள் ஒரு நூலளவு நகர்ந்தாலும் அந்த அரண் இடிந்துவிடும் என்று அஞ்சினார். ஆனால் என் அக்கா மகளின் வாயும் நெருப்பும் அப்படி நகர்ந்ததால்தான் காரத்திலிருந்து கடுஞ்சொல்லுக்குப் போனது. அதை அன்றைக்கு யாராவது தடுத்திருந்தால் அவள் வருத்தம் அவளுக்குள்ளேயே கிடந்திருக்கும். அந்த வழக்கில் நான் ஆசிரியைகளின் பக்கம்தான்.

பலகை பொதுவாகிவிடாது என்று தெரிந்தபின் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் உண்டாக்கும் சொற்களைப் பலகையின் பின்புறத்தில் ஒரு தாளில் எழுதி, எதிரே தமிழிலும் மலாயிலும் பொருள் எழுதி ஒட்டத் தொடங்கினேன். புதிதாகப் பழகுபவர் யாராக இருந்தாலும் பலகையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி ஆசிரியை அதைப் பார்த்துவிட்டுச் சீனத்திலும் ஒரு வரிசை சேர்த்து எழுதிக் கொடுத்தார். இதுவரை பதினொரு சொற்கள் ஆகியிருக்கின்றன.

பதினொன்றாவது சொல் சென்ற மாதம் வந்தது. நெருப்பு, நாள், இரண்டையும் சேர்த்துத் தொட்டுவிட்டு மாமா என்று என் படத்தையும் தொட்டாள். தீபாவளியைச் சொல்கிறாள் என்று நினைத்து, அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறதே என்றேன். இல்லை என்ற கட்டத்தைத் தொட்டாள். கார்த்திகையா என்றேன். அதற்கும் இல்லை. என் பிறந்தநாளுக்கு ஏற்றிய மெழுகுவத்தியா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டி, அவள் வெள்ளிக்கிழமையைச் சொல்கிறாள் என்றார். வாரம் தவறாமல் அன்று மாலையில்தான் பாட்டி குத்துவிளக்கு ஏற்றுவார். நானும் அச்சகத்திலிருந்து நேராக அங்கே வருவேன். அந்த வாரம் வருவாயா என்பதுதான் கேள்வி. வருவேன் என்றேன். பலகையைத் திருப்பி, நெருப்பு நாள் என்பதற்கு எதிரே தமிழில் வெள்ளி என்றும் மலாயில் ஜுமாஅத் என்றும் எழுதிவிட்டு, சீன வரிசையை ஆசிரியைக்காகக் காலியாக விட்டேன்.